அச்சிலிருந்து இணையத்திற்கு: மலேசியத் தமிழ்ச் சிற்றிதழின் இடப்பெயர்வும் ஆவணப் பொறுப்பும்

முன்னுரை

மலேசியாவில் 2007ஆம் ஆண்டு அச்சிதழாகத் தொடங்கப்பெற்ற ‘வல்லினம்’ என்னும் கலை இலக்கிய இதழ், 2009ஆம் ஆண்டு இணைய இதழாக உருமாறியது. ம. நவீனை ஆசிரியராகக் கொண்ட இவ்விதழ் தாளில் வெளிவந்த காலம் ஏறத்தாழ ஈராண்டுகளே. இணையத்தில் அது வெளிவந்த காலமோ அதனினும் பன்மடங்கு நீண்டது. மலேசியத் தமிழ் இலக்கியத்தின் அண்மைக்காலப் போக்கை ஆராய விழையும் எவரும் இவ்விதழின் பக்கங்களைப் புறக்கணித்துச் செல்ல இயலாது. எனினும், அப்பக்கங்களுள் மிகப் பெரும்பாலானவை எந்த நூலகத்தின் அடுக்கிலும் இதழாக இடம்பெற்றவை அல்ல.

ஓர் இதழ் அச்சை விட்டு இணையத்திற்குச் செல்வதைத் தொழில்நுட்ப மாற்றமாகவோ செலவுச் சிக்கனமாகவோ மட்டும் கருதுவது வழக்கமாக உள்ளது. இம்மாற்றம் இலக்கிய வரலாற்றுச் சான்றுகளின் இருப்பையே பாதிப்பதாகும் என்பதைச் சுட்டிக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதன்பொருட்டு மூன்று வினாக்கள் ஈண்டு எழுப்பப்படுகின்றன. சிற்றிதழை இணையத்தை நோக்கி நகர்த்திய புறச்சூழல்கள் யாவை? அவ்வாறு நகர்ந்தபோது இதழ் என்னும் அமைப்பில் மாறியது எது, மாறாது நின்றது எது? இணையத்தில் வெளிவரும் இதழை நாளைய ஆய்வாளனுக்காகக் காத்து வைக்கும் பொறுப்பு யாருடையது?

சிற்றிதழ் என்னும் அமைப்பு

தமிழ்ச் சிற்றிதழ் மரபுக்குத் தெளிவான முன்மாதிரியாக அமைந்தது சி. சு. செல்லப்பா 1959ஆம் ஆண்டு தொடங்கிய ‘எழுத்து’ என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். விற்பனையை நோக்கமாகக் கொள்ளாமை, ஆசிரியரின் தனிப்பட்ட இலக்கியக் கொள்கை இதழின் கொள்கையாதல், வாசகருள் பலர் எழுத்தாளராகவும் இருத்தல், பொருள் இழப்பைத் தாங்கிக்கொண்டே நடத்துதல் ஆகியன அம்மரபின் பொதுக்கூறுகள் எனலாம். செல்லப்பா தம் நூல்களைத் தாமே சுமந்து கல்லூரிதோறும் சென்று விற்றமை தமிழிலக்கிய உலகம் நன்கறிந்த செய்தி.

இவ்வமைப்பில் இதழின் வடிவத்தைத் தாளே வரையறுத்தது. அச்சுப் பக்கங்கள் படிவம் படிவமாக, பெரும்பாலும் 16 பக்கத் தொகுதிகளாக அமைவன. ஒரு பக்கம் கூடினும் குறையினும் செலவுக் கணக்கு மாறும். ஆதலின், நீண்ட கட்டுரை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இடம் எஞ்சினால் கவிதை சேர்க்கப்பட்டது. இடம் போதாவிடின் நல்ல படைப்பும் அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இக்கட்டுப்பாடு ஒருபுறம் இடையூறாயினும் மறுபுறம் தேர்வைக் கட்டாயமாக்கியது. இருக்கும் இடம் குறைவு என்பதனாலேயே, எதை வெளியிடுவது, எதை விடுப்பது என்னும் வினாவிற்கு ஆசிரியர் ஒவ்வோர் இதழிலும் விடை கூற வேண்டியிருந்தது. இதழியல் ஒழுங்கு என நாம் போற்றும் பண்பின் ஒரு பகுதி தாளின் பற்றாக்குறையால் விளைந்தது என்பதை மறத்தலாகாது.

உரிமமும் செலவும்

மலேசியச் சூழலில் சிற்றிதழ் எதிர்கொண்ட இடர்ப்பாடு தமிழகத்தினின்றும் ஒருவகையில் வேறுபட்டது. தமிழகத்தில் முதன்மைத் தடை பொருளாதாரமே. மலேசியாவிலோ அதனுடன் உரிமமும் சேர்ந்துகொண்டது. 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி, காலமுறைப்படி வெளிவரும் ஏடுகளுக்கு உள்துறை அமைச்சின் வெளியீட்டு உரிமம் தேவை. ஒருமுறை மட்டுமே வெளிவரும் நூலுக்கு இத்தகைய உரிமம் வேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை இவ்வுரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நிலையான அலுவலகமோ ஊதியம் பெறும் பணியாளரோ இல்லாத சிறு குழுவிற்கு இந்நடைமுறை அச்சுக்கூலிக்கு நிகரான சுமை எனலாம்.

இணையம் இச்சுமையிலிருந்து விடுபட்டதாக விளங்கியது. 1996ஆம் ஆண்டு பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் வழி மலேசிய அரசு வழங்கிய உறுதிமொழிகளுள், இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்பதும் ஒன்று. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் மூன்றாம் பிரிவிலும் அக்கருத்து இடம்பெற்றது. 1999ஆம் ஆண்டு நவம்பரில் ‘மலேசியாகினி’ செய்தித்தளம் தோன்றுவதற்கு இச்சட்டச் சூழலே வழிவகுத்தது. அச்சுரிமம் இன்றி ஓர் ஏடு காலமுறைப்படி வெளிவர இயலும் என்பதை இந்நாட்டில் அது நிறுவிக் காட்டியது. எனினும், இவ்விடுதலை முழுமையானதன்று. அதே சட்டத்தின் 233ஆம் பிரிவு இணையத்தில் வெளியிடப்படும் கருத்துகள்மீது வழக்குத் தொடர இடமளிக்கிறது. வெளியிடுவதற்கு முன் அனுமதி பெறும் நிலை நீங்கியதேயன்றி, வெளியிட்ட பின் விளைவை ஏற்கும் நிலை நீங்கவில்லை.

மேலும், அச்சிதழைப் பரப்புவதில் இந்நாட்டின் நிலவியலும் ஒரு காரணியாயிற்று. தமிழ் வாசகர் கெடா முதல் ஜொகூர் வரை சிதறி வாழ்கின்றனர். தலைநகரை விட்டால் இலக்கிய இதழ் விற்கும் கடைகள் மிகச் சில. சந்தாவும் தனிப்பட்ட தொடர்பும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் துணையுமே இதழைக் கொண்டு சேர்க்கும் வழிகளாக இருந்தன. சில நூறு படிகளே அச்சாகும் இதழுக்கு ஒரு படிக்கான அடக்கவிலை மிகுதி. அவ்விலையைச் சந்தாவால் ஈடுகட்ட இயலாது. அச்சு, அஞ்சல், உரிமம் ஆகிய மூன்றையும் நீக்கும் வாய்ப்பு எதிர்ப்பட்டபோது, சிறு குழு அதனை ஏற்றல் இயல்பே.

எழுத்துரு என்னும் முன்தேவை

அங்ஙனமாயின், இந்த இடப்பெயர்வு 1990களிலேயே ஏன் நிகழவில்லை என்னும் வினா எழும். தமிழ் இணையத்தின் தொடக்கம் இவ்வட்டாரத்திலேயே நிகழ்ந்தது என்பதை நோக்கும்போது இவ்வினா மேலும் வலுப்பெறுகிறது. 1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர் அதிபர் ஓங் தெங் சியோங் தொடங்கிவைத்த நான்கு மொழிக் கவிதைத் தளத்தில் தமிழ்க் கவிதைகளும் இடம்பெற்றன. அம்முயற்சியில் எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி முன்னின்றார். 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணையம் பற்றிய முதல் மாநாடு நடைபெற்றது. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ கணினியில் தமிழ் எழுதுவோரிடையே பரவலாயிற்று.

ஆயினும், அக்காலத்தில் பொதுவான குறியீட்டு முறை நிலைபெறவில்லை. திஸ்கி, டாப், டாம் எனப் பல குறியீடுகள் வழங்கின. இவற்றின் அடிப்படை உத்தி, ஆங்கிலத்திற்கும் பிற ஐரோப்பிய மொழிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவங்களை அமர்த்துவதாகும். உரிய எழுத்துருவைத் தம் கணினியில் நிறுவிக்கொண்ட வாசகருக்கே பக்கம் தமிழாகத் தெரிந்தது. ஏனையோருக்குப் பொருளற்ற உரோமக் குறிகளே தோன்றின. தேடுபொறிகளாலும் அப்பக்கங்களைத் தமிழாக இனங்காண இயலவில்லை. அந்நாளைய இணையவாசகர் ஒரு சிறு வட்டத்தினராகவே இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டிலேயே இடம் ஒதுக்கப்பட்டிருப்பினும், பொதுமக்கள் பயன்படுத்தும் இயங்குதளங்கள் அதனை ஏற்ற பின்னரே பயன் விளைந்தது. விண்டோஸ் 2000, அதனையடுத்து 2001ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி ஆகியவை தமிழ் ஒருங்குறியைத் தாங்கி வந்தன. அக்கணினிகள் வீடுகளிலும் பள்ளிகளிலும் பரவ மேலும் சில ஆண்டுகள் தேவைப்பட்டன. ஆதலின், 2000களின் பிற்பகுதியே அச்சை முற்றாகக் கைவிட்டு இணையத்தை மட்டும் நம்புவதற்கு உகந்த காலமாக அமைந்தது. வல்லினத்தின் 2009ஆம் ஆண்டு மாற்றத்தை இப்பின்னணியில் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

மாறியதும் மாறாததும்

இணையத்திற்குச் சென்ற பின் வல்லினம் மாத இதழாகவும் பின்னர் இருமாத இதழாகவும் வெளிவந்தது. சிறுகதை, கவிதை, கட்டுரை, நேர்காணல், மொழிபெயர்ப்பு எனப் பல்வகைப் பகுதிகளும் அதில் இடம்பெற்றன. இம்மாற்றத்தால் விளைந்த வேறுபாடுகளுள் மூன்று குறிப்பிடத்தக்கன.

முதலாவது, நீளம். படிவக் கணக்கு இல்லாத இடத்தில் நேர்காணலையோ விமர்சனக் கட்டுரையையோ சுருக்க வேண்டிய புறக்கட்டாயம் இல்லை. நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பையே பெரிதும் சார்ந்து வளர்ந்த மலேசியத் தமிழ்ச் சிறுகதை, இரண்டு மூன்று பக்க அளவுக்குள் அடங்கும் பழக்கத்தைக் கொண்டிருந்தது. அவ்வெல்லையைக் கடந்த கதைகளுக்கு இணைய இதழ் இடம் தந்தது. சிறுகதையின் வடிவ மாற்றத்தை ஆராய்வோர், வெளியீட்டு ஊடகத்தின் அளவு மாற்றத்தையும் ஒரு காரணியாகக் கொள்ளுதல் தகும்.

இரண்டாவது, வாசகரின் நிலப்பரப்பு. அச்சில் மலேசியாவுக்குள் வட்டமிட்ட இதழை, இணையத்தில் தமிழகத்திலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் புலம்பெயர் நாடுகளிலும் உள்ளோர் வெளியான அன்றே படிக்க முடிந்தது. மலேசியப் படைப்பு மலேசிய அளவுகோலால் மட்டும் மதிப்பிடப்படும் நிலை இதனால் தளர்ந்தது. இது சிலருக்கு ஊக்கமாகவும் சிலருக்கு உறுத்தலாகவும் அமைந்திருத்தல் கூடும். எவ்வாறாயினும், விமர்சனத்தின் களம் விரிந்தது என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது, அச்சின் பணிமாற்றம். வல்லினம் அச்சை முழுதும் துறந்துவிடவில்லை. இதழை இணையத்தில் வெளியிட்டவாறே, வல்லினம் பதிப்பகத்தின் வழி நூல்களை அச்சிட்டது. 2017ஆம் ஆண்டு ‘வல்லினம் 100’ என்னும் பெருந்தொகுப்பும் அச்சு நூலாக வெளியிடப்பட்டது. ஆண்டுதோறும் நடத்தப்பட்ட கலை இலக்கிய விழா, நூல்களை வெளியிடவும் வாசகரை நேரில் சந்திக்கவும் களமாயிற்று. முன்பு இதழும் தாள், நூலும் தாள். இப்பொழுதோ நடப்பு இலக்கியம் இணையத்திலும் நிலைபெறத் தக்கதெனக் கருதப்பட்டது தாளிலும் எனப் பணி பிரிந்தது.

மாறாது நின்றது ‘இதழ்’ என்னும் அலகு. எண்ணிடப்பட்டு, குறித்த காலத்தில், ஆசிரியரின் தேர்வுக்கு உட்பட்ட படைப்புகள் ஒருசேர வெளிவருவதே இதழ். இணையத்தின் இயல்போ இதற்கு மாறானது. அங்கு எதனையும் எந்நேரமும் வெளியிடலாம். தனிமனிதர் தம் எழுத்தைத் தாமே வெளியிடலாம். இந்நெகிழ்ச்சியை ஏற்காது, மாதத்தையும் எண்ணையும் பொருளடக்கத்தையும் பற்றி நின்றமையே வல்லினத்தை ஓர் இதழாக நிலைநிறுத்தியது எனலாம். ஒரு கதையை எழுதியவர் யார் என்பதோடு, அதனைத் தேர்ந்தவர் யார், அதனுடன் எவை சேர்ந்து வெளிவந்தன என்பனவும் இலக்கிய வரலாற்றுச் செய்திகளே. அச்செய்திகள் ‘இதழ்’ என்னும் அலகு உள்ளவரையே கிட்டும்.

சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘பிக்-ஓ’ என்னும் இசை, பண்பாட்டு இதழின் வரலாறும் ஒப்புநோக்கத்தக்கது. 1985ஆம் ஆண்டு நகலெடுத்த தாள்களாகத் தொடங்கிய அத்தனியார் முயற்சி, பின்னர் கடைகளில் விற்கும் மாத இதழாக வளர்ந்து, இறுதியில் அச்சை நிறுத்தி இணையத்தில் தொடர்ந்தது. மொழியும் துறையும் வேறாயினும், சிறு சந்தை, தனிப்பட்டோரின் உழைப்பு, அச்சுச் செலவு ஆகிய கூறுகள் ஒத்துள்ளன. ஆக, இந்த இடப்பெயர்வு தமிழுக்கு மட்டும் உரியதன்று. இவ்வட்டாரத்துச் சிற்றிதழ்களுக்குப் பொதுவான போக்கேயாகும்.

நூலாகாத பகுதி

அச்சு நூல்களாகத் தொகுக்கப்படுவனவற்றைப் பற்றிக் கவலை கொள்ள வேண்டியதில்லை. அவை நூலகம் சேரும், பாடத்திட்டத்தில் இடம்பெறும், ஆய்வேடுகளில் மேற்கோளாகும். கவலைக்குரியது தொகுக்கப்படாத பகுதியே. எதிர்வினை, மறுப்பு, நூல் மதிப்புரை, தலையங்கம், வாசகர் கடிதம், விவாதம் முதலியன நூலாவது அரிது. இதழை இதழாக்குபவையோ இவையே.

இதற்கு ‘எழுத்து’ தக்க சான்று. அதில் வெளிவந்த கவிதைகளைத் தேர்ந்து செல்லப்பா 1962ஆம் ஆண்டு ‘புதுக்குரல்கள்’ என்னும் தொகுப்பாக வெளியிட்டார். புதுக்கவிதையைப் பயில்வோருக்கு அந்நூல் போதும். ஆனால், புதுக்கவிதை எத்தகைய எதிர்ப்பைச் சந்தித்தது, அதன் ஆதரவாளர் எவ்வாறு தம் நிலையை வகுத்துக்கொண்டனர், யாப்பு பற்றிய வாதம் எவ்வாறு கட்டங்கட்டமாக நகர்ந்தது என்பனவற்றை அறிய இதழ்களையே நாட வேண்டும். தொகுப்பு முடிவைத் தருகிறது. அம்முடிவுக்குச் சென்ற வழியை இதழே காட்டுகிறது.

மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றிலும் இதற்கு இணையான சான்று உண்டு. 1950ஆம் ஆண்டு ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய ‘கதை வகுப்பு’, மலாயாவில் சிறுகதை எழுதுவோர் ஒரு தலைமுறையினரை உருவாக்கியது என்பது வரலாற்றாசிரியர் யாவரும் ஒப்பும் கருத்து. அவ்வகுப்பின் பாடங்களையும் பயிற்சிகளையும் மதிப்பீடுகளையும் அறிய விரும்பும் ஆய்வாளருக்குப் பழைய நாளிதழின் பக்கங்களே மூலச்சான்று. 1924ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. எனினும், அதன் பக்கங்கள் நூலகங்களில் காக்கப்பட்ட அளவிற்கு அச்சான்றும் வாழ்கிறது. நிறுவனம் மறைந்த பின்னும் அதன் தாள் எஞ்சியுள்ளது.

இணைய இதழ் இவ்வகையில் வேறுபட்டது. அதனை நடத்துவோர் தளப்பெயருக்கும் சேமிப்பிடத்திற்கும் உரிய கட்டணத்தைச் செலுத்தத் தவறின், ஓரிரு மாதங்களுக்குள் இதழ் முழுவதும் மறைந்துவிடக்கூடும். அச்சிதழ் நின்றால் புதிய இதழ்கள் வாரா; பழையன இருக்கும். இணைய இதழ் நின்றால் புதியனவும் வாரா, பழையனவும் இரா.

தற்செயலும் திட்டமும்

அச்சு இதழ்கள் இதுவரை பிழைத்து வந்தது பெரும்பாலும் தற்செயலால் எனலாம். நானூறு படிகள் நானூறு வீடுகளுக்குச் சென்றன. அவற்றுள் பெரும்பகுதி அழிந்தாலும் ஒன்றிரண்டு யாரோ ஒருவரின் பேழையில் தங்கின. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் திரட்டிய ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் பிறவுமே 1994ஆம் ஆண்டு சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்திற்கு அடித்தளமாயின. அவர் சேர்த்தவற்றுள் பலவற்றை அவற்றின் வெளியீட்டாளரே காத்து வைக்கவில்லை. படிகள் பலவாகிப் பரந்து கிடந்தமையால் ஒருவர் அவற்றைத் திரட்ட முடிந்தது.

பரந்து கிடத்தலின் பயனை யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் அழிவும் உணர்த்துகிறது. 1981ஆம் ஆண்டு அந்நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஓரிடத்தில் மட்டும் இருந்தவை மீளவில்லை. வேறிடங்களிலும் படி இருந்தவற்றை மீட்டெடுக்க வழி இருந்தது. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னிலக்கமாக்கி வருவது, எஞ்சிய அத்தகைய படிகளைக் கொண்டேயாகும்.

இணைய இதழுக்கோ இயல்பாகப் படிகள் உருவாவதில்லை. ஆயிரம் பேர் படிப்பினும், அவ்வாயிரவரும் ஒரே படியையே சென்று பார்க்கின்றனர். ஆதலின், இணைய இதழ் தற்செயலாகப் பிழைப்பது அரிது. திட்டமிட்டுக் காத்தாலன்றி எஞ்சாது. 2009ஆம் ஆண்டு அக்டோபரில் யாகூ நிறுவனம் தன் ‘ஜியோசிட்டீஸ்’ இலவசத் தளச் சேவையை ஜப்பான் நீங்கலாக ஏனைய இடங்களில் மூடியபோது, தொடக்ககாலத் தமிழ் ஆர்வலர் அமைத்திருந்த பக்கங்களும் அதனுடன் சென்றன. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘இணைய ஆவணகம்’ உலகத் தளங்களின் படிகளைச் சேமித்து வருகிறது. ஆயினும், அது தன் தானியங்கிகள் சென்றடைந்த பக்கங்களை, சென்றடைந்த நாளில் இருந்தவாறு மட்டுமே காட்டும். ஒரு சிற்றிதழின் அனைத்துப் பக்கங்களும் அங்கு உள்ளன எனக் கொள்ள இயலாது.

பக்கம் எஞ்சினும் படிக்க இயலாமல் போவது மற்றோர் இடர். திஸ்கி முதலிய பழைய குறியீடுகளில் எழுதப்பட்டவற்றை ஒருங்குறிக்கு மாற்றினாலன்றி இன்றைய கருவிகளில் படித்தல் அரிது. மூன்றாவது இடர், சொல்லாமல் செய்யும் திருத்தம். அச்சில் பிழை நேர்ந்தால் அடுத்த இதழில் பிழைதிருத்தம் வெளியிடுவர். பிழையும் திருத்தமும் ஒருங்கே வரலாறாகும். இணையத்தில் ஒரு சொல்லையோ ஒரு பத்தியையோ அடிச்சுவடின்றி மாற்றிவிடலாம். எழுத்தாளர் பின்னாளில் தம் கருத்தை மாற்றிக்கொண்டு பழைய கட்டுரையை நீக்குமாறு வேண்டினால், அதனை நீக்குவதும் எளிது. அவ்வாறு நீக்கப்பட்டதை மறுத்து எழுதப்பட்ட கட்டுரை மட்டும் தளத்தில் எஞ்சின், வாசகர் எதனை மறுத்தது என்று அறியார்.

செய்யத்தக்கவை

சட்டத்தின் வழியே கிட்டும் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. மலேசியாவில் 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி வெளியீடுகளின் படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கும் கடமை வெளியீட்டாளருக்கு உண்டு. சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியச் சட்டம் 2018ஆம் ஆண்டு திருத்தப்பட்டு, 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் அந்நாட்டுக் குறியீட்டில் முடியும் இணையத்தளங்களை, உரிமையாளரிடம் தனித்தனி எழுத்து அனுமதி பெறாமலே சேமிக்கும் அதிகாரம் அவ்வாரியத்திற்கு வழங்கப்பட்டது. பொதுக்குறியீட்டில் பதிவான தளங்கள் இத்தன்னியக்கச் சேமிப்பில் அடங்கா. சிங்கப்பூரில் இணைய இதழ் தொடங்குவோர் தளப்பெயரைத் தெரியும்போதே இதனைக் கருத்திற்கொள்ளுதல் நலம்.

சட்டம் செய்வதற்கு அப்பால் கல்வி நிறுவனங்கள் செய்யத்தக்கன சில உள.

ஒன்று: பல்கலைக்கழகத் தமிழ்த்துறை நூலகம் ஒவ்வொன்றும் தன் நாட்டில் வெளிவரும் இணைய இதழ்களுள் சிலவற்றைப் பொறுப்பேற்று, ஒவ்வோர் இதழும் வெளியானவுடன் அதன் முழுப்படியைச் சேமித்தல் வேண்டும். நீண்டகாலச் சேமிப்பிற்கென 2005ஆம் ஆண்டிலேயே பன்னாட்டுத் தரமாக்கப்பட்ட பி.டி.எப்-ஏ கோப்பு வடிவம் இதற்கு ஏற்றது. பதிப்புரிமை எழுத்தாளரிடமே இருக்கும் வகையில், ஆய்வுப் பயன்பாட்டிற்கு மட்டும் என்னும் எளிய உடன்படிக்கையை ஆசிரியருடன் செய்துகொள்ளலாம்.

இரண்டு: இணைய இதழ்களுக்குப் பொருளடைவு தயாரித்தலை இளங்கலை ஆய்வேட்டிற்குரிய பொருளாக ஏற்றல் தகும். எழுத்தாளர், தலைப்பு, வகை, இதழ் எண், மாதம் ஆகிய விவரங்கள் கொண்ட அடைவு ஒன்று இருப்பின், எது இருந்தது என்பதேனும் நிலைபெறும். இழந்ததன் பெயரை அறிந்தால் தேடலாம். பெயரும் அறியாதவிடத்துத் தேடலும் இல்லை.

மூன்று: மேற்கோள் ஒழுங்கு. இணைய முகவரியை மட்டும் தரும் பழக்கம் போதாது. இதழ் எண், வெளியான மாதம், பார்த்த நாள் ஆகியவற்றையும் தருதல் வேண்டும். ஆய்வேட்டின் மையமாக அமையும் கட்டுரையின் படியைப் பின்னிணைப்பாகவோ துறைச் சேமிப்பிலோ வைத்தல் இன்னும் நன்று. தமிழ்ப்பள்ளிகளிலும் இடைநிலைப்பள்ளிகளிலும் இணையக் கதைகளை அச்செடுத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர், தாளின் அடியில் இதழின் பெயரையும் எண்ணையும் குறித்தல் சிறு செயலே. ஆயினும், கதை வெளிவந்த இடம் எது என்பதை மாணவர் அறிய அதுவே வாயில்.

நான்கு: இதழாசிரியர் கடைப்பிடிக்கத்தக்க நெறிகள். ஒவ்வொரு பக்கத்திலும் இதழ் எண்ணையும் மாதத்தையும் குறித்தல், தள வடிவமைப்பை மாற்றும்போதும் பழைய முகவரிகளைச் செயற்படவிடுதல், திருத்தம் செய்தால் நாளுடன் அறிவித்தல், கட்டுரையை நீக்க நேர்ந்தால் தலைப்பையும் நீக்கிய குறிப்பையும் விட்டுவைத்தல் ஆகியன பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை.

இவை இயலக்கூடியவையே என்பதற்கு அண்மைச் சான்றுகள் உள்ளன. சிங்கப்பூர் விடுதலைப் பொன்விழா ஆண்டான 2015இல், அருண் மகிழ்நன் தலைமையிலான தன்னார்வலரின் முயற்சியாலும் தேசிய நூலக வாரியத்தின் துணையாலும் ஐம்பதாண்டுக் காலச் சிங்கப்பூர்த் தமிழிலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350 மின்னிலக்கமாக்கப்பட்டன. தாளில் உள்ளவற்றை மின்னுருவாக்க அத்தனை பேர் உழைத்தனர். தொடக்கத்திலேயே மின்னுருவில் பிறப்பவற்றைக் காத்தல் அதனினும் எளிது. உரிய காலத்தில் செய்தல் வேண்டும் என்பதே கட்டுப்பாடு.

முடிவுரை

சிற்றிதழ் அச்சை விட்டு இணையத்திற்குச் சென்றமையால் அதன் உயிர் குன்றவில்லை. உரிமமும் செலவும் தொலைவும் விதித்த எல்லைகளை அது கடந்தது. தேர்வும் காலமுறையும் இதழ் எண்ணும் அதனை இதழாகவே நிலைநிறுத்தின. வல்லினத்தின் வரலாறு இதற்குச் சான்று. ஆயின், தாள் தானாகச் செய்து வந்த ஒரு பணியை, அதாவது பல படிகளாகப் பரந்து எஞ்சும் பணியை, இணையம் செய்வதில்லை. அப்பணி இப்பொழுது மனிதர் மேற்கொள்ள வேண்டியதாகிவிட்டது. இதழை நடத்துவோர் பெரும்பாலும் ஆசிரியப்பணி முதலிய வேறு தொழில் செய்து, எஞ்சிய நேரத்தில் அதனை நடத்துவோரே. வெளியிடும் சுமையுடன் காத்தல் சுமையையும் அவர்மீதே ஏற்றுவது முறையன்று.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்தபோது, அங்குத் தமிழ் உரிய இடம் பெறவேண்டும் என்பதற்காகக் கோ. சாரங்கபாணியும் ‘தமிழ் முரசு’ நாளிதழும் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் இயக்கத்தின் வழி நிதி திரட்டினர். தோட்டத் தொழிலாளரும் அந்நிதிக்குக் கொடுத்தனர். அவர்கள் வாங்கித் தர எண்ணியவை தமிழ் நூல்கள். அந்த நூலகத்தின் வாயிலுக்கு வாராமல் திரையில் மட்டும் வெளிவரும் தமிழ் எழுத்தும் இன்று அதே நூலகத்தின் பொறுப்பில் சேரும். ஒரு துறை ஓர் இதழை ஏற்றாலும் போதும். அடுத்த இதழ் வெளிவரும் மாதத்திலேயே அப்பணியைத் தொடங்கலாம்.